மெதுவாக ஓடிய கடிகாரமும் ஒன்பது புள்ளி எட்டும்

எங்கள் கல்லூரி இயற்பியல் துறையின் இப்போதைய தலைவர் பிரவீன் என்னிடம் படித்தவர். அவரை 'அவர்' என்று எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது. 'அவன்' என்று எழுதினால் அவருடைய மனைவி கோபித்துக்கொள்வார். போகட்டும், 'அவர்' என்றே எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் அவர் என் வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்து ஒரு அட்டவணையைக் காட்டினார். ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் அடைய வேண்டிய பலன்கள், ஒவ்வொரு பலனுக்கும் ஒரு சதவீதம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"மேடம், உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதே. பசங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? புதுசா வந்திருக்கிற ஸ்டாஃப் எல்லாம் கேக்குறாங்க. எழுதிக் குடுங்களேன்."

"கண்டுபிடிச்சோம்னு உனக்கு யார் சொன்னது?" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் வரை, மதிப்பெண் போடுவதும் புரிந்ததா என்று பார்ப்பதும் ஒன்று என்றே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவை வேறு வேறு என்று எனக்குத் தெரியவந்தது ஒரு அமாவாசை நாளில். அதைத்தான் எழுதப் போகிறேன்.

என் பூர்வீகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ கிராமம். நைனா, அதாவது என் அப்பா, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிர் செய்தார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி, புதுச்சேரியில் கல்லூரி, பிறகு இதே செஞ்சியில் ஆசிரியர் வேலை. ஜன்னலைத் திறந்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும் ஆய்வகத்தில் சேர்ந்தேன், அதே ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

நான் சேர்ந்தபோது துறைத் தலைவர் நடராஜன் சார். ஒல்லியான மனிதர், கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டியிருப்பார். அதட்டியோ திட்டியோ நான் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல்தான். "அப்படியா?" வாய்மொழித் தேர்வில் மாணவன் தப்பாகச் சொன்னாலும் அப்படியா, சரியாகச் சொன்னாலும் அப்படியா. குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இருக்காது, முகத்திலும் ஒன்றும் தெரியாது.

"ஒளி எப்படிப்பா போகும்?"

"நேர்கோட்டுல போகும் சார்."

"அப்படியா?"

"இல்ல சார், வளைஞ்சு போகும்."

"அப்படியா?"

"நேராவும் போகும், வளைஞ்சும் போகும் சார்."

"சரி, நீ நேராப் போய் உக்காரு."

எனக்கு அந்தப் பையன்மேல் பரிதாபமாக இருந்தது. அன்று மாலை சாரிடம் கேட்டே விட்டேன். பசங்களைக் குழப்பி விடுகிறீர்களே, இது நியாயமா என்று. அவர் கோபப்படவில்லை.

"விடையை மனப்பாடம் பண்ணிட்டு யார் வேணா வரலாம்மா. அதை நான் பிடுங்கப் பாத்தா விட்டுடுறானா, இறுக்கிப் பிடிச்சுக்கிறானா? அதைத்தான் பாக்குறேன். புரிஞ்சவன் விடமாட்டான்."

எனக்கு அது அப்போது அவ்வளவாக ஒப்பவில்லை.

செய்முறைத் தேர்வு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் மாணவர்கள் வந்ததும் முதல் வேலையாகக் கருவிகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சில மேசைகளில் விபூதி இருக்கும். ஒரு தடவை நிறமாலைமானிக்கு யாரோ சந்தனப் பொட்டே வைத்துவிட்டார்கள். பிறகு தட்டில் மடித்துப் போட்ட சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் எந்தச் சோதனை வருகிறதோ அதுதான் அன்றைய விதி. சூத்திரத்தை எழுதிக் காட்டிவிட்டு அளக்க ஆரம்பிப்பார்கள். இடையில் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொரு மேசைக்கும் போய், ஒரு அளவீட்டைத் தாமே பார்த்து, சரியாக இருந்தால் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். கடைசியில் கணக்கு, வரைபடம், விடை. வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் விடையைப் பார்ப்பார். இருக்க வேண்டிய மதிப்புக்குப் பக்கத்தில் இருந்தால் முழு மதிப்பெண்.

இந்த 'இருக்க வேண்டிய மதிப்பு' என்பதில்தான் சிக்கல். அது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும் என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே கெட்டிக்காரப் பசங்க விடையிலிருந்து பின்னோக்கி வருவார்கள். ஒன்பது புள்ளி எட்டு வருவதற்கு இருபது ஆட்டத்துக்கு எத்தனை வினாடி ஆக வேண்டும் என்று ஓரமாகக் கணக்குப் போட்டு, இயற்கையாகத் தெரிவதற்காக இங்கே கொஞ்சம் கூட்டி, அங்கே கொஞ்சம் குறைத்து எழுதுவார்கள். இதற்குச் சமையல் என்று பெயர். "நீ எடுத்தியா, சமைச்சியா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதை நானே காதால் கேட்டிருக்கிறேன். எங்களுக்கும் தெரியும். நாங்களும் சமைத்துத்தான் வந்திருந்தோம்.

நான் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு வருடம் கடைசி வருட மாணவர்களின் செய்முறைத் தேர்வில் ஒரு நாள் அமாவாசையன்று விழுந்தது. தேதி போடுகிறவர்களுக்கு மேல்மலையனூர் கோயிலின் அமாவாசைக் கூட்டம் பற்றி என்ன தெரியும்? அன்றைக்கு இந்தப் பக்கம் ஓடும் பஸ்ஸெல்லாம் அங்காளம்மனுக்குத்தான். வெளித் தேர்வாளர் விழுப்புரத்திலிருந்து நின்றுகொண்டே வந்து, தாமதமாக, வியர்த்து வழிய இறங்கினார். யாருடைய பையிலோ இருந்த எலுமிச்சம்பழம் அவர் சட்டையில் நசுங்கியிருந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் அன்று அவருக்கு யார்மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்தது.

கோமதிக்குக் கூட்டு ஊசல் வந்திருந்தது. துளைகள் போட்ட ஒரு நீண்ட இரும்புப் பட்டை. அதை ஒவ்வொரு துளையாக மாட்டித் தொங்கவிட்டு, ஆட்டி, நிறுத்துகடிகாரத்தில் நேரம் பார்க்க வேண்டும். கோமதியின் அப்பா செஞ்சி பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார். வகுப்பில் அதிகம் பேசாத பெண். புதுச்சேரியில் எம்.எஸ்சி. சேர அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இந்த வருடமே தேறிய சான்றிதழோடு போனால்தான் அந்த இடம். செய்முறையில் தவறினால் அடுத்த வருடம்தான் மறுபடி எழுத முடியும், இடமும் போய்விடும். வகுப்புக்கே இது தெரியும்.

அவளுடைய விடை பத்து புள்ளி ஆறு.

தேர்வாளர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பூமி உன்னை மட்டும் கூடுதலா இழுக்குதாம்மா?"

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை.

அவர் கருணையில்லாதவர் அல்ல. "போ, இன்னும் அரை மணி நேரம் இருக்குது. மறுபடி எடுத்துட்டு வா" என்றார். அதன் பொருள் என்ன என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். போய்ச் சமைத்துக் கொண்டு வா என்று பொருள். கோமதி போனாள், பட்டையை ஆட்டினாள், எண்ணினாள், எழுதினாள். திரும்பி வந்தபோதும் பத்து புள்ளி ஆறு.

அவ்வளவுதான், தேர்வாளருக்கு வந்ததே கோபம். "அளவீடு மொத்தமும் தப்பு. அளவீடு தப்புன்னா வரைபடம் தப்பு, கணக்கு தப்பு, விடையும் தப்பு. நான் எதுக்கு மார்க் போடுறது?" அவர் கணக்குப்படி பார்த்தால் அவள் தேற முடியாது. சிவப்பு மை பேனாவைத் திறந்துவிட்டார்.

அந்தத் தாளில் ஒரு அளவீட்டின் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது. அவள் பக்கத்தில் நின்று, பட்டை ஆடுவதைக் கூடவே எண்ணி, முள் எங்கே நிற்கிறது என்று என் கண்ணால் பார்த்துப் போட்ட கையெழுத்து. அவள் எழுதியது கடிகாரம் காட்டியதைத்தான். "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நடராஜன் சாரைக் கூட்டி வரப் போனேன்.

சார் வந்தார். தாளைப் பார்த்தார். கோமதியைப் பார்த்தார்.

"எவ்வளவு வரணும்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார். ஒன்பது புள்ளி எட்டு."

"அப்படியா? பின்ன ஏன் இப்படி எழுதியிருக்க?"

"எனக்கு இதான் சார் வந்துது."

"அப்படியா? தப்பு எங்க இருக்கும்?"

அவள் அளவீட்டுப் பட்டியலில் விரலை வைத்தாள். "நீளத்துல இல்ல சார், ஸ்கேலை மாத்தி வெச்சும் பாத்துட்டேன். எண்ணுனதுலயும் இல்ல, மேடம் கூடவே எண்ணுனாங்க. கிளாக்குலதான் சார் இருக்கணும்."

"அப்படியா?"

மூன்றாவது அப்படியா. பெரிய பெரிய பசங்களெல்லாம் அந்த இடத்தில்தான் சாய்வார்கள்.

"ஆமா சார். எங்க கடையில படிக்கல்லுக்கு வருசா வருசம் ஆபீசர் பாத்து முத்திரை போடுவாங்க. முத்திரை இல்லன்னா நைனா அந்தக் கல்லைத் தொடக்கூட மாட்டாரு. இந்த கிளாக்குக்கு யாரும் போடறதில்லையா சார்?"

ஆய்வகம் கட்டிய நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நடராஜன் சார் மெதுவாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். நிறுத்துகடிகாரத்தின் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டார். தேர்வாளரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் முடிந்தபோது நிறுத்துகடிகாரம் பன்னிரண்டு வினாடி பின்தங்கியிருந்தது.

கடிகாரம் மெதுவாக ஓடினால் ஊசல் வேகமாக ஆடுவதுபோலத் தெரியும். ஊசல் வேகமாக ஆடினால் பூமி கூடுதலாக இழுப்பதுபோலக் கணக்கில் வரும். கோமதி அங்கேயே நின்று அந்தப் பன்னிரண்டு வினாடியைக் கணக்கில் சேர்த்துப் போட்டாள். ஒன்பது புள்ளி எட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எனக்கு ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தேர்வு நடக்கிற இடம் என்பதால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பத்து புள்ளி ஆறை அடிச்சிடும்மா" என்றார் தேர்வாளர். குரல் இப்போது இறங்கியிருந்தது.

"அடிக்க வேணாமே சார். அதுவும் நான் எடுத்ததுதான். கீழ திருத்தி எழுதுறேன்."

தேர்வாளர் சிவப்பு மை பேனாவால் முழு மதிப்பெண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டார். "டீ சொல்லுங்க சார், முதல்ல" என்றார் நடராஜன் சாரிடம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். டீ குடிக்கும்போது நடராஜன் சார் ஒன்று கேட்டார். "ஆமா, நேத்து இதே மேசையில, இதே கிளாக்கை வெச்சு யார் யார் செஞ்சாங்க?" விடைத்தாள் கட்டைப் பிரித்துப் பார்த்தோம். இரண்டு பேர். ஒருவனுக்கு ஒன்பது புள்ளி எட்டு. இன்னொருவனுக்கு ஒன்பது புள்ளி ஏழு ஒன்பது. இரண்டுக்கும் முழு மதிப்பெண் விழுந்திருந்தது.

தேர்வாளர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "விடுங்க சார். இதைத் தோண்டுனா ஜில்லாவுல ஒருத்தனும் பாஸாக மாட்டான். நான் உட்பட."

சார் சிரிக்கவில்லை. "அந்தப் பசங்க மேல தப்பு இல்ல. நாம ஒன்பது புள்ளி எட்டு கேட்டோம், குடுத்துட்டாங்க. அளந்து காட்டுன்னு நாம எப்ப கேட்டோம்?"

முன்பு ஒப்பாமல் இருந்தது அன்றைக்கு எனக்கு ஒப்பியது. அவருடைய அப்படியாவும், அவளுடைய படிக்கல்லும், மெதுவாக ஓடிய கடிகாரமும் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் கேட்டன. இது உனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வாரம் கழித்துத் துவரம் பருப்பு வாங்க பஜாருக்குப் போனேன். கோமதியின் அப்பா தராசைப் பிடித்தபடியே கேட்டார். "இன்னா டீச்சரம்மா, பரீட்சை ஹால்ல சாரையே எதுத்துப் பேசிச்சாமே எங்க பொண்ணு? நான் நல்லா ஏசிட்டேன்."

"ஏசாதீங்க அண்ணே. அது பேசலன்னா பாஸாகியிருக்காது."

அவர் பெருமையை மறைக்கத் தெரியாமல் மறைத்துக்கொண்டு தராசில் இன்னொரு கைப்பிடி பருப்பை அள்ளினார். அளந்ததையே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு நாங்கள் மாற்றியது பல்கலைக்கழகத் தேர்வை அல்ல. அது எங்கள் கையில் இல்லை. கல்லூரிக்குள் நாங்களே போடும் மதிப்பெண்ணை மாற்றினோம். விடைக்கு மதிப்பெண் கிடையாது, விடையை எவ்வளவு நம்பலாம், ஏன் என்று எழுதுவதற்குத்தான் மதிப்பெண். எழுத்துத் தேர்வில் நான் ஒரு கேள்வி வைத்தேன்: கயிறும் ஒரு கல்லும் ஒரு கடிகாரமும் மட்டும் தருகிறேன், ராஜகிரியின் உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பாய், உன் விடையில் எவ்வளவு பிசகு இருக்கும்? மறுநாள் மாணவர்கள் கூட்டமாக முதல்வரிடம் போய்விட்டார்கள். "மலை சிலபஸ்ல இல்ல சார்!" ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிற மலை! முதல்வர் என்னைக் கூப்பிட்டு விட்டார். அந்தப் பருவத்தில் மதிப்பெண் சரிந்தது, பெற்றோர் வந்தார்கள், சக ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். நடராஜன் சார் ஓய்வு பெறும்வரை எனக்குக் குடையாக நின்றார். அதற்குள் பசங்களும் பழகிவிட்டார்கள். கல்லைக் கீழே போட்டு நேரம் பார்ப்பேன் என்று ஒருவன் எழுதினான், கல் யார் தலையிலாவது விழுமே என்று அடைப்புக்குறிக்குள் கவலையும் பட்டிருந்தான். நல்ல மதிப்பெண் போட்டேன்.

அந்த மெதுவான கடிகாரத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று பழுதுப் பட்டியலில் எழுதினார்கள். நான் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் மாதிரித் தேர்வில் அதை ஏதாவது ஒரு மேசையில் வைப்பேன். யாராவது வந்து "மேடம், கிளாக் சரியில்ல" என்று சொன்னால் அவருக்கு வாய்மொழித் தேர்வு அங்கேயே முடிந்தது, முழு மதிப்பெண். முதலில் சில வருடம் யாருமே வரவில்லை. பிறகு எப்போதாவது ஒருவர். பிறகு விஷயம் கசிந்துவிட்டது. "மேரி மேடம் ஒரு பொய் கிளாக் வெச்சிருக்காங்க, எல்லா கிளாக்கையும் செக் பண்ணிக்கோ" என்று மூத்த மாணவர்கள் சொல்லிவைத்து, ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் ஆளாளுக்குக் கடிகாரத்தைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். கேள்வி வெளியே கசிந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கோமதி புதுச்சேரியில் படித்து முடித்தாள். ஓசூரில் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஒரு கூடத்தில் வேலை பார்க்கிறாள். "இங்க எல்லாத்துக்கும் முத்திரை உண்டு மேடம்" என்று போனில் சொல்லிச் சிரிப்பாள்.

கட்டுரையை இந்த இடத்தில் முடித்துப் பிரவீனிடம் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். அவர்தான் சென்ற வாரம் மாதிரிச் செய்முறைத் தேர்வுக்கு வரச் சொன்னார். "சும்மா வந்து உக்காருங்க மேடம், பசங்களைப் பாருங்க." போனேன். கூட்டு ஊசல் மேசையில் என் பழைய கடிகாரம் இருந்தது. முகப்பில் இருக்கும் கீறலைக் கொண்டே அதை அடையாளம் கண்டுவிடுவேன். பிரவீன் என் வழக்கத்தை விடாமல் வைத்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

அந்த மேசையில் ரிஸ்வானா என்று ஒரு முதல் வருட மாணவி. பட்டையைத் தொடுவதற்கு முன் கைபேசியை எடுத்துக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஓடவிட்டாள். நான் மெல்ல எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"என்னம்மா, கிளாக் எப்படி?"

"கரெக்டா ஓடுது மேடம்."

"அப்படியா?" என்றேன். எனக்கே தெரியாமல் நடராஜன் சாரின் குரல் வந்துவிட்டது.

"ஆமா மேடம்."

"அப்படியா? நல்லாப் பாரு. இந்த கிளாக்கை எனக்கு ரொம்ப வருசமாத் தெரியும். இது மெதுவாத்தான் ஓடும்."

அவள் முகம் வாடியது. பிரவீனைத் திரும்பிப் பார்த்தாள், அவர் தூரத்தில் வேறு மேசையில் இருந்தார். போச்சு, விட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்..." என்று இழுத்தாள். "ஆனா நான் ரெண்டு தடவை பாத்துட்டேன். வித்தியாசமே இல்ல. வேணும்னா நீங்களே பாருங்க."

இரண்டையும் என் முன்னால் நகர்த்தி வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம். முள் இம்மி பிசகவில்லை.

பிரவீன் ஓடி வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாரி மேடம், சொல்ல மறந்துட்டேன். போன மாசம் பஜார்ல குடுத்து ரிப்பேர் பண்ணிட்டேன். எல்லாரும் கண்டுபிடிச்சிடுறாங்க, இனிமே அதை வெச்சு ஏமாத்த முடியாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன. தெரியும் தெரியும் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தது நான். அளந்து பார்த்தது அவள்.

"பிரவீன், உன் அட்டவணையில இதுக்கு எந்தக் கட்டம்?"

அவர் யோசித்தார். "தெரியல மேடம். அப்படி ஒரு கட்டம் இல்லன்னு நினைக்கிறேன்."

"புதுசா ஒண்ணு போடு. பச்சை அடி."

ரிஸ்வானா எங்களைக் கவனிக்கவில்லை. பட்டையை ஆட்டிவிட்டு, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தாள்.